மடியில் வைத்துக் காட்டுகிறவள்

டப்பாக்கா என்று கேட்டால் அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். தோளில் ஒரு பெரிய துணிப்பை, அதற்குள் கரும்புச் சக்கையில் செய்த டப்பாக்கள், காகிதக் கிண்ணங்கள், மரக் கரண்டிகள் என்று ஒரு குட்டிக் கடையே இருக்கும். கூட்டம் வடிந்த நேரமாகப் பார்த்து உள்ளே நுழைந்து, பார்சலுக்குப் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு இதற்கு மாறுங்கள் என்று கடைக்காரரிடம் மன்றாடுவாள். அதுதான் அவள் வேலை. அதற்கென்றே ஒரு சின்ன அலுவலகம் அவளுக்குச் சம்பளம் கொடுத்தது.

கடைக்காரர்களிடம் நல்லது சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும். ஒருவர் கல்லாவை விட்டு நிமிரவே மாட்டார். இன்னொருவர் டீ வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டி, மறுநாள் பார்த்தால் அதே பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். "பூமியைக் காப்பாத்தணும், வேணாங்கலை. ஆனா எதிர்க் கடையிலேர்ந்து ஆரம்பிங்களேன்" என்று ஒருவர் சிரிக்காமல் சொன்னார்.

டப்பாக்கா அசர மாட்டாள். அதற்குக் காரணம் உண்டு. முன்பு அவள் ஒரு மொத்தக் கடையில் பிளாஸ்டிக் கவர் விற்றுக்கொண்டிருந்தவள். பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டுகளைத் தூக்கிப் போட்டவள். ஒரு பெருமழையில் சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அடுப்படியில் பாத்திரங்களோடு பாத்திரமாக மிதந்தவை எல்லாம் கவர்கள். அவள் கடையில் விற்ற கவர்களேதான், கலரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "உன் சரக்கு உன்னைத் தேடி வந்திருக்கு பாரு" என்று கணவன் கேலி செய்தான். அவன் பஸ் பணிமனையில் மெக்கானிக், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரையே அடைத்தது தன் கைதான் என்று மனசுக்குள் போட்டுக் குமைந்தாள். அந்த வேலையை விட்டு இந்த வேலைக்கு வந்தது அப்படித்தான்.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. எவ்வளவு பேசியும் மசியாத முதலாளி என்றால், "உங்க கடையிலேயே ரொம்பச் சூடா இருக்கறது எது? கொண்டுவரச் சொல்லுங்க" என்பாள். கொதிக்கக் கொதிக்க வந்ததைச் சக்கை டப்பாவில் ஊற்றி, மூடியை அழுத்தி, நாற்காலியில் உட்கார்ந்து, அந்த டப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி கதை பேசுவாள். முதலாளியின் முழங்கால் வலியை விசாரிப்பாள், மகள் படிப்பை விசாரிப்பாள். முதலாளிக்குப் பதில் சொல்லவே ஓடாது. கண் அவள் மடியிலேயே இருக்கும். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் கழித்து டப்பாவைத் தூக்கிக் காட்டுவாள். "தொட்டுப் பாருங்க, துணி காய்ஞ்சுதான் இருக்கு."

பாதிப் பேர் அங்கேயே விழுந்துவிடுவார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சூப் கடை இருந்தது. சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்கள் எல்லாம் அங்கே ஒரு டப்பா வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். அந்தத் தெருவில் மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "சூப் முதலாளி மாறட்டும், நாங்களும் மாறறோம்." சூப் முதலாளியோ லேசில் பிடி கொடுக்கிற ஆள் இல்லை. மூன்று தடவை அவளை வாசலோடு அனுப்பினார். நான்காம் தடவை மனமிரங்கி உட்காரச் சொன்னார். மடி வித்தை நடந்தது. குனிந்து துணியைத் தொட வெட்கப்பட்டு, டப்பாவின் அடியைத் தடவிப் பார்த்தார். முகம் இளகியது.

அந்த நேரம் பார்த்துத்தான் டப்பாக்காவின் கண் அவர் முதுகுக்குப் பின்னால் போனது. பெரிய பாத்திரங்களில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை ஒட்டி அகலமான இரும்புத் தட்டு, அதுவும் சூடாகத்தான் இருந்தது. அதன்மேல் வரிசையாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள், எல்லாவற்றிலும் சூப் ஊற்றி மூடியாகிவிட்டது. கூட்டம் வருவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. பார்சல் கட்டும் பெண் ஒருத்தி, மெலிந்தவள், அலுங்காமல் ஊற்றி மூடி ஊற்றி மூடி அடுக்கிக்கொண்டே இருந்தாள். கூட்டம் வந்த பிறகு ஊற்றிக்கொண்டு நின்றால் பஸ் போய்விடும் என்று வாடிக்கையாளர்கள் கத்துவார்கள். அதனால் அந்தக் கடையில் மத்தியானமே ஊற்றிச் சூட்டில் வைத்துவிடுவது வழக்கம்.

இப்படி வைத்தால் சக்கை டப்பா தாங்காது. சக்கை டப்பா செய்கிற ஆலைக்காரர் அவளுக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான். "இது காத்துக்கிட்டிருக்கிற டப்பா இல்லம்மா. ஊத்தினதும் கொடுத்துடணும். அடியில சூட்டை வெச்சு மணிக்கணக்கா விட்டா ஊறிப் போயிடும். பார்க்க நல்லாத்தான் இருக்கும், தூக்கும்போது விட்டுடும்." சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது.

"சரிம்மா, மாறிடறேன்" என்றார் சூப் முதலாளி. "ஆனா ஒண்ணு. என் கடை வேலை முறையில மட்டும் கை வெக்கக் கூடாது. இத்தனை வருஷம் இப்படித்தான் ஓடுது."

"உங்க வேலை, உங்க இஷ்டம் அண்ணே" என்றாள் டப்பாக்கா.

மாறட்டும் முதலில், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தபடி வெளியே வந்தாள். அடுத்த வாரத்துக்குள் அந்தத் தெருவே மாறியது. அலுவலகத்தில் கை தட்டினார்கள். மேலாளர் எழுந்து நின்று, "நம்ம டப்பாக்கா மடியில வெச்சா மலையும் மாறிடும்" என்று பாராட்டினார். அந்தக் கைதட்டலில் அப்புறம் என்பது எங்கேயோ தொலைந்து போயிற்று.

தொலைந்தது என்று சொல்வதுகூடப் பொய்தான். ஒரு நாள் அவள் அந்தப் பக்கம் போனபோது பார்சல் கட்டும் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். சில டப்பா அடியில ஈரமா இருக்கு. கசியுதான்னு பார்த்தா கசியலை, ஆனா தொட்டா நசநசன்னு இருக்கு. ஏன்க்கா?"

ஏன் என்று டப்பாக்காவுக்கு நன்றாகத் தெரியும். முதலாளி கல்லாவிலிருந்து இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடியை நல்லா அழுத்தும்மா" என்றாள். "ஆவி வெளியே வந்து கீழ வழிஞ்சிருக்கும்."

"சரிக்கா, இனிமே நல்லா அழுத்தறேன்" என்று அந்தப் பெண் அப்படியே நம்பிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்து நடந்தது இதுதான். ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் இளம்பெண், வழக்கம் போல் சூப் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். உட்கார இடம் கிடைத்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். வைக்காமல் என்ன செய்வாள்? சூப் முதலாளிதான் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "மடியில வெச்சுக்கிட்டே போங்க, ஒண்ணும் ஆகாது, நானே கண்ணால பார்த்தேன்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாரே. பஸ் ஒரு திருப்பத்தில் பிரேக் போட்டது. டப்பாவின் அடி அப்படியே விட்டுவிட்டது. கொதிக்கிற சூப் முழுதும் இரண்டு தொடையிலும் கொட்டியது. அவள் போட்ட அலறலில் டிரைவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலையில் கடையில் பஞ்சாயத்து. வெந்துபோன பெண்ணின் அண்ணன் வந்து வாய்க்கு வந்தபடி கத்தினான். அலுவலக மேலாளர் வியர்த்துக்கொண்டு நின்றார். சூப் முதலாளி டப்பாக்காவைப் பார்த்துக் கை நீட்டினார்.

"நீங்க கொடுத்த டப்பாதானே? நல்ல டப்பாவா, ஓட்டை டப்பாவா? இப்பவே எல்லார் முன்னாடியும் காட்டுங்க."

அவள் காட்டினாள். அதை நினைத்தால்தான் பின்னாளில் அவளுக்குச் சோறு இறங்காமல் போனது. புது டப்பா ஒன்றை எடுத்தாள். கொதிக்கிற சூப்பை ஊற்றச் சொன்னாள். மூடினாள். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். புது டப்பா அந்த நேரத்துக்குக் கண்டிப்பாகத் தாங்கும் என்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அன்று கதை எதுவும் பேசவில்லை. எல்லாரும் அவள் மடியையே பார்த்தார்கள். இரும்புத் தட்டின்மேல் மத்தியானம் முழுக்க வைத்துவிட்டு மடியில் வை பார்க்கலாம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவள் அவள்தான், அவளோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் டப்பாவைத் தூக்கினாள்.

"துணி காய்ஞ்சுதான் இருக்கு, பாருங்க."

எல்லார் பார்வையும் ஒரே சமயத்தில் பார்சல் கட்டும் பெண்ணின் பக்கம் திரும்பியது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அப்போ கட்டினவ கையிலதான் கோளாறு" என்றார் முதலாளி. அந்தப் பெண் வாயைத் திறந்து, மூடியை அழுத்தினேன் என்றோ அழுத்தியிருப்பேன் என்றோ என்னவோ முணுமுணுத்தாள். அழுகையில் ஒன்றும் விளங்கவில்லை. அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

டப்பாக்கா சும்மா இருந்துவிடவும் இல்லை. ஆற அமர இரண்டு நாள் கழித்துப் போய், "அண்ணே, எல்லாக் கடைக்கும் புதுசா ஒரு விதி வந்திருக்கு. முன்கூட்டியே ஊத்தி வெக்கக் கூடாதாம். ஆள் வந்ததும் ஊத்திக் கொடுங்க" என்றாள். விதியாவது மண்ணாவது, அவளே வழியில் யோசித்து வைத்தது. முதலாளி கொஞ்சம் முனகினார். பிறகு இன்னொரு ஆளைப் போட்டு அப்படியே செய்தார். அதற்கப்புறம் ஒரு டப்பாகூட ஈரமாகவில்லை.

"பார்த்தியாம்மா?" என்றார் அவர் ஒருநாள் திருப்தியாக. "அவ போனா, கசியறதும் போச்சு. கைன்னா கைதான்."

நல்லது செய்யப் போய் அந்தப் பெண்ணின் தலையில் இன்னொரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று டப்பாக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. டப்பாவுக்கு வழி பண்ணினாள், சரி. ஆனால் அந்தப் பெண் போன பிறகு பண்ணினாளே. ஊர் எதை நம்பும்?

ஆஸ்பத்திரிக்கும் போனாள், பழம் வாங்கிக்கொண்டு. வெந்த பெண் குப்புறப் படுக்கவும் முடியாமல் நிமிர்ந்து படுக்கவும் முடியாமல் இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு கிடந்தாள். ஆனாலும் இவளைப் பார்த்து, "நீங்க எதுக்குக்கா சிரமப்பட்டு வர்றீங்க, நீங்க என்ன பண்ணினீங்க?" என்றாள். "கட்டினாளே அவ, அவளை அனுப்பிட்டாங்களாமே? நல்லா வேணும்." டப்பாக்கா ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். உரித்ததைச் சுளை சுளையாகப் பிரித்தாள், நார் நாராக எடுத்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரிக் குழாயில் கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தாள், ஆரஞ்சு வாசனை போகவில்லை.

சொல்லிவிடலாம் என்று நினைக்கும் போதெல்லாம் ஒரு சமாதானம் தயாராக வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் அந்தத் தெரு மொத்தமும் மறுபடி பிளாஸ்டிக்குக்குப் போய்விடும். இத்தனை நாள் பாடு வீண். மறுபடி சாக்கடை அடைக்கும், மறுபடி வீட்டுக்குள் தண்ணீர் வரும். ஒருத்தி வேலையா, ஊரா? பெரிய தராசு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நியாயம் பார்த்தாள். அந்தத் தராசில் தன் பெயரையும் தன் கைதட்டலையும் எந்தத் தட்டில் வைத்தாள் என்று மட்டும் பார்க்கவே இல்லை.

அதன்பின் மடி வித்தை அவளுக்கு வரவில்லை. ஒரு கடையில் டப்பாவை மடியில் வைத்ததும் முழங்கால் தானாக நடுங்கத் தொடங்கிவிட்டது. கால் வலி என்று சொல்லிச் சமாளித்தாள். வீட்டில் கணவன், "என்ன, மடி ராணி ஓய்வு எடுத்துக்கிட்டாங்களாமே?" என்றான். கையில் இருந்த கரண்டியைத் தூக்கி எறிந்து, அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டித் தீர்த்தாள். அவன் கேலி பேசி வளர்ந்தவன்தான், ஆனாலும் அன்று பேசாமல் எழுந்து போய்விட்டான்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. ஒரு சோற்றுக் கடைக்குப் பேசப் போனவள், முதலாளி பின்கட்டில் இருப்பதாகச் சொன்னதால் சந்து வழியாகப் போனாள். அங்கே தரையில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் பார்சல் கட்டும் பெண் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தாள். டப்பாக்காவைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தாள் டப்பாக்கா. திட்டட்டும் என்றும் நினைத்தாள்.

"அக்கா, உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றதுன்னு இருந்துட்டேன்" என்றாள் அந்தப் பெண். "உங்க பேரைக் கெடுத்துட்டேன்க்கா. நீங்க அன்னிக்கே சொன்னீங்க, மூடியை நல்லா அழுத்துன்னு. நான்தான் அவசரத்துல ஏதோ ஒண்ணை விட்டுட்டேன். பாவம், அந்தப் பொண்ணு. என்னை மன்னிச்சிடுங்க."

டப்பாக்கா வெங்காய மூட்டையைப் பார்த்தாள். "இங்க... அடுப்புப் பக்கம் வேலை இல்லையா உனக்கு?" என்று மட்டும் எப்படியோ கேட்டாள்.

"நானே வேணாம்னுட்டேன். சூடான பாத்திரத்தைப் பிடிச்சா கை நடுங்குது. வீட்டுலயும் மாமியார் விடறதில்லை. குழந்தைக்குப் பால்கூட அவங்கதான் ஆத்திக் கொடுக்கறாங்க. இந்தக் கை ஆகாத கைன்னு சொல்றாங்க." வெங்காயத்தில் கலங்கியிருந்த கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "அவங்க சொல்றதும் சரிதானேக்கா?"

டப்பாக்கா "அப்புறம் வரேம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நடக்கவில்லை, ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் கணவன் கையில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவன் முதுகைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. இரும்புத் தட்டு, விழுங்கிய வார்த்தை, ஈரம், மூடியை அழுத்து என்றது, மறுபடி மடியில் வைத்தது எல்லாவற்றையும். அவன் கேலி செய்வான், அதோடு பாரம் கொஞ்சம் இறங்கும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அவன் குழாயை மூடிவிட்டுத் திரும்பினான்.

"இதை எங்கிட்ட சொல்லி என்னடி பிரயோஜனம்?" என்றான்.

மறுநாள் சாயங்காலம் விசாரித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். மாடியில் ஒற்றை அறை, தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்படி. நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதை இவளுக்குப் போட்டுவிட்டு அந்தப் பெண் தரையில் உட்கார்ந்தாள். டப்பாக்கா நாற்காலியில் உட்காரவில்லை. அவளும் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி சொன்னாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் கை மேல தப்பில்லையா?"

"இல்லம்மா."

"மூடியை நான் சரியாத்தான் அழுத்தினேனா?"

"நீ எப்படி அழுத்தியிருந்தாலும் அடி விட்டிருக்கும். தப்பு என்னோடது."

"உங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"எல்லாரும் என்னைப் பார்த்தப்பவும் தெரியும்."

டப்பாக்கா தலையாட்டினாள். அடிப்பாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தாள். அந்தப் பெண் எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "அத்தை, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். மாமியார் கையில் பால் பாத்திரத்தோடு வந்தாள். குழந்தை அவள் காலைக் கட்டிக்கொண்டு வந்தது.

"சொல்லுங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "எங்கிட்ட சொன்னதை அப்படியே அத்தைகிட்ட சொல்லுங்க."

சொன்னாள். மாமியார் டப்பாக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் மருமகளைப் பார்த்தாள். பால் பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். அந்தப் பெண் அதைத் தொடவில்லை. கீழே சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. வேலை விட்டு வந்த புருஷனை வாசலிலேயே நிறுத்தி, "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்றாள். அவனிடமும் சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றாமல் கேட்டான். கேட்டுவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தான். "உன்னை என்னவெல்லாம் சொல்லிட்டேன்" என்றான். "ஆமா, சொன்னீங்க" என்றாள் அவள்.

பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "வாங்கக்கா, கடைக்குப் போவோம்."

சூப் கடையில் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. முதலாளி, "இந்த நேரத்துலயா?" என்று முகத்தைச் சுளித்தார். பார்சல் கட்டும் பெண் நகரவில்லை. சூப்புக்காக நின்றவர்கள் எல்லாம் கேட்கும்படி டப்பாக்கா சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு நான்காம் தடவை சொல்லும்போது நாக்குக் கொஞ்சம் பழகிவிட்டது. "இந்தத் தெரு மறுபடி பிளாஸ்டிக்குக்குப் போயிடக் கூடாதேன்னுதான் நான்..." என்று ஒரு பட்டுத் துணியை எடுத்து மேலே போர்த்தப் பார்த்தாள்.

"அதை விடுங்க" என்றாள் அந்தப் பெண். "நடந்ததை மட்டும் சொல்லுங்க."

முழுதும் கேட்ட முதலாளி கரண்டியை வைத்துவிட்டு வந்தார். சக்கை டப்பா வேண்டாம், நாளையிலிருந்து பழைய பிளாஸ்டிக்தான் என்று சொல்லப் போகிறார் என்று டப்பாக்கா பயந்தாள். அத்தனை நாள் அதைச் சொல்லித்தானே தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர். "கத்தியிருப்பேன். நான் எதுக்குத்தான் கத்தலை? கத்திட்டுக் கேட்டிருப்பேன். விதின்னு பொய் சொன்னீங்களே, அதையே கேட்டேனே." கல்லாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பார்சல் கட்டும் பெண்ணிடம் திரும்பினார். குரல் தணிந்தது. "நாளைக்கு வேலைக்கு வந்துடு தாயி. நானும் யோசிக்காம பேசிட்டேன்."

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள் அவள்.

கத்திட்டுக் கேட்டிருப்பேன். அந்த வார்த்தை டப்பாக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எதைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடினாளோ அது அவள் பேசியிருந்தாலும் பிழைத்திருக்கும். ஒருத்தி தொடை வேகாமல் இருந்திருக்கும், ஒருத்தி கை ஆகாத கையாக ஆகாமல் இருந்திருக்கும். கடையை விட்டு வெளியே வந்ததும் நின்றாள்.

"நீ வீட்டுக்குப் போம்மா" என்றாள். "சூடு பட்ட பொண்ணுகிட்ட நான் மட்டும் போய்ச் சொல்லிக்கறேன்."

"இல்லக்கா. நானும் வரேன்."

பல் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடியில் தரைத் தளத்து வீடு. கதவைத் திறந்தவள் வெந்துபோன அந்தப் பெண்தான். குணமாகிவிட்டாலும் தொளதொளத்த உடுப்பில் காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தே நின்றாள். டப்பாக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கக்கா, உள்ள வாங்க!" பின்னால் நின்றவளைப் பார்த்ததும் முகம் மாறியது. "இவ எதுக்கு இங்க வந்தா?"

பார்சல் கட்டும் பெண் இந்தத் தடவை 'சொல்லுங்கக்கா' என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். டப்பாக்கா வாசற்படியைத் தாண்டாமல் அங்கேயே நின்று சொன்னாள். எதையும் போர்த்தவில்லை. ஆரஞ்சுப் பழம் உரித்ததையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லும்போதே வெந்த பெண்ணின் கை தன்னையறியாமல் தொடை மேல் போய் நின்றதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் மீதியைச் சொல்லி முடித்தாள்.

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.  வெந்த பெண் டப்பாக்காவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. யார் நீ என்பது மாதிரி இருந்தது. பிறகு கதவைப் பிடித்தபடியே கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டாள்.

"நீங்க உள்ள வாங்க" என்றாள், பார்சல் கட்டும் பெண்ணிடம். "நீங்க மட்டும்."

அந்தப் பெண் டப்பாக்காவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.  பிறகு உள்ளே யாரோ அழுவது கேட்டது, இரண்டு பேரில் யார் என்று தெரியவில்லை. பார்சல் கட்டும் பெண் கழற்றிவிட்டுப் போன செருப்புக்குப் பக்கத்தில் டப்பாக்கா படியில் உட்கார்ந்தாள்.